ஏஐ சொல்வதை எவ்வளவு நம்பலாம்? நூலகத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மன்னார்குடிக்குப் பக்கத்தில் உள்ள ஒரு கிளை நூலகத்தில், ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, வாசகர் வட்டப் பொறுப்பைப் பார்த்து வருகிறேன். இப்போதெல்லாம் அங்கே வருகிறவர்கள் புத்தகத்தைப் பற்றிக் கேட்பதைவிட, கைப்பேசியில் ஏஐ தந்த பதிலைக் காட்டி “இது சரியா டீச்சர்?” என்று கேட்பதே அதிகம். விவசாயிகள், கல்லூரி மாணவர்கள், மகளிர் குழுப் பெண்கள், பிள்ளைகளை வெளிநாட்டில் வைத்திருக்கும் பெரியவர்கள் என்று எல்லோரிடமும் ஏறத்தாழ ஒரே ஐயங்கள் இருக்கின்றன. ஆகவே அவர்கள் கேட்ட வாக்கிலேயே கேள்விகளை எழுதிப் பதில்களைத் தொகுத்திருக்கிறேன்.

கூகுள்ல தேடுறதும் ஏஐகிட்ட கேக்குறதும் ஒண்ணுதானே டீச்சர்?

இல்லை. தேடுபொறி, ஏற்கெனவே யாரோ எழுதி வைத்த பக்கங்களின் பட்டியலைத் தருகிறது. எழுதியவர் யார், எப்போது எழுதினார் என்று திறந்து பார்க்க வழி உண்டு. 2022 நவம்பர் 30 அன்று வெளியான சாட்ஜிபிடியும் அதன் பின் வந்த ஜெமினி போன்றவையும் வேறு விதமாக இயங்குகின்றன. கோடிக்கணக்கான பக்கங்களைக் கொடுத்து, இதுவரை வந்த சொற்களுக்குப் பின் எது வரும் வாய்ப்பு அதிகம் என்று கணிக்கப் பழக்கியிருக்கிறார்கள். நாம் கேட்கும் நொடியில் அந்தக் கணிப்பின்படி பதில் புதிதாகக் கோக்கப்படுகிறது.

இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றவை எளிதில் விளங்கும். நம் ஊரில் ஒரு செய்தி காதில் விழுந்தால் முதலில் கேட்பது “யார் சொன்னா?” என்பதுதான். வாய்க்காலில் தண்ணீர் விட்டாயிற்று என்று மதகைத் திறந்த லஸ்கர் சொன்னால் அதற்கு ஒரு மதிப்பு. டீக்கடையில் கேட்டு வந்தவர் சொன்னால் அதற்கு வேறு மதிப்பு. ஏஐயின் பதிலில் அந்த ‘யார்’ உதிர்ந்துபோய்ப் பேச்சு மட்டும் நம் கைக்கு வருகிறது. பலர் சொன்னதெல்லாம் அரைத்துக் கலந்த பேச்சு அது.

தெரியலன்னா தெரியலன்னு சொல்ல வேண்டியதுதானே, ஏன் இல்லாததைச் சொல்லுது?

பொய் சொல்ல வேண்டும் என்ற நோக்கம் அதற்குக் கிடையாது. நன்கு தெரிந்த செய்தியையும் தெரியாத செய்தியையும் அது ஒரே முறையில்தான் கோக்கிறது. ஆகவே இரண்டும் ஒரே சரளத்தோடு வருகின்றன. இன்னொரு காரணத்தை, சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ நிறுவனத்தின் ஆய்வாளர்களே 2025இல் எடுத்துக் காட்டினார்கள்: இக்கருவிகளை மதிப்பிடும் தேர்வுகளில் பெரும்பாலானவை, ‘தெரியாது’ என்ற பதிலுக்கு மதிப்பெண் எதுவும் தருவதில்லை, ஊகித்து எழுதினால் சில சமயம் மதிப்பெண் கிடைக்கிறது. தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்கப்படாத தேர்வில் எந்த மாணவரும் ஒரு கேள்வியையும் விட்டுவைப்பதில்லை என்பதை நான் என் வகுப்பறையில் ஆண்டுதோறும் பார்த்திருக்கிறேன்.

இதன் விளைவு சிறியதல்ல. நியூயார்க்கில் ஒரு விமான நிறுவனத்துக்கு எதிரான வழக்கில், வழக்கறிஞர்கள் சாட்ஜிபிடி தந்த முன்தீர்ப்புகளை அப்படியே மனுவில் சேர்த்துவிட்டார்கள். வழக்கின் பெயர், நீதிமன்றம், தீர்ப்பிலிருந்து மேற்கோள் என்று எல்லாமே இருந்தன. அப்படிப்பட்ட தீர்ப்புகள்தாம் இல்லை. 2023 ஜூனில் நீதிமன்றம் அவர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விதித்தது. பெயரும் எண்ணும் தேதியும் இருப்பதே உண்மைக்கு அடையாளம் என்று நாம் பழகியிருக்கிறோம். அந்த அடையாளம் இப்போது செல்லாது.

இங்கிலீஷ்ல கேட்டா சரியா வருது, தமிழ்ல கேட்டா ஏன் தடுமாறுது?

இணையத்திலிருந்து திரட்டப்பட்ட எழுத்தில் தமிழின் பங்கு நூற்றில் ஒன்றுக்கும் வெகுவாகக் குறைவு. அந்தச் சிறு பங்கிலும் செய்தியும் சினிமாவும் ஆன்மிகமும் நிறைய. நடவு, பாசனம், பட்டா, ஊர் அளவைகள் பற்றிய எழுத்து மிகச் சொற்பம். குறைவாகப் படித்த பாடத்தில் ஊகம் கூடுவது இயல்பு.

கண்ணெதிரே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு விவசாயி, “மூணு மா சம்பா நடவுக்கு மேலுரம் எவ்வளவு?” என்று குரலிலேயே கேட்டார். முதல் பதில் மாமரங்களுக்கு உரமிடுவது பற்றி வந்தது. “மாமரம் இல்லை, மா என்பது நில அளவு” என்று நான் தட்டச்சு செய்து காட்டினேன். உடனே மிகத் தெளிவாக, ஒரு மா என்றால் ஒரு ஏக்கர் என்று வைத்துக்கொண்டு, மூன்று ஏக்கருக்கான யூரியாவைக் கணக்கிட்டுக் கொடுத்தது. தஞ்சாவூர்ச் சீமையில் 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி; ஒரு மா என்பது ஏறத்தாழ 33 சென்ட். அதாவது மூன்று மா சேர்ந்தால்தான் ஒரு ஏக்கர் வரும். அந்தப் பதிலை நம்பியிருந்தால் மூன்று மடங்கு தழைச்சத்து வயலில் இறங்கியிருக்கும். பயிர் கருகருவென்று வளர்ந்து, சாய்ந்து, புகையான் பூச்சிக்கும் இடம் கொடுத்திருக்கும். முதல் பதில் அபத்தமாக இருந்ததால் அதில் ஆபத்து இல்லை. இரண்டாவது பதில் சரிபோலவே இருந்தது. என்னைக் கவலைப்படச் செய்தது அதுதான்.

பத்து இடத்துல அதையேதான் போட்டிருக்கான், அப்புறம் எப்படிப் பொய்யாகும்?

தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்பது பத்து இடத்தில் அல்ல, பல்லாயிரம் இடங்களில் எழுதப்பட்டிருக்கிறது. காலையிலோ மாலையிலோ கோயில் பிராகாரத்தில் போய் நின்றால் நிழல் தரையில் நீண்டு கிடப்பதை எவரும் பார்க்கலாம். 1010இல் பணி முற்றுப்பெற்ற அந்தக் கோயிலைப் பெருமைப்படுத்த இப்படி ஒரு பொய் தேவையே இல்லை. ஆனால் எத்தனை முறை ஒன்று எழுதப்பட்டிருக்கிறது என்பது ஏஐயின் கணிப்பைப் பாதிக்கும். போய்ப் பார்த்தவர் எத்தனை பேர் என்பது அதற்குத் தெரியாது.

இந்தச் சிக்கல் தமிழுக்குப் புதிதன்று. உத்தமதானபுரத்தைச் சொந்த ஊராகக் கொண்டு, 1880 முதல் கும்பகோணம் கல்லூரியில் பணியாற்றிய உ.வே. சாமிநாதையர், 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது ஊர் ஊராக ஏடு தேடி, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, பாடபேதங்களைக் குறித்துக்கொண்டு உழைத்தார். ஏட்டுச்சுவடியோடு பழகியவர்களுக்கு ஒன்று நன்றாகத் தெரியும்: ஒரே மூல ஏட்டைப் பார்த்துப் பத்துப் பேர் படியெடுத்தால், மூலத்தில் உள்ள பிழை பத்திலும் இருக்கும். அவை பத்துச் சாட்சிகள் ஆகா, ஒரு சாட்சிதான். இணையத்தில் ஒரு செய்தியைப் பத்துப் பக்கங்களில் பார்க்கும்போது, அவை ஒன்றையொன்று படியெடுத்தவையா, தனித்தனியே பார்த்து எழுதியவையா என்று கேட்க வேண்டும். எழுத்துப்பிழை உட்பட ஒரே வாக்கியம் திரும்பத் திரும்ப வந்தால் அது படியெடுத்தது என்று உறுதியாகக் கொள்ளலாம்.

இப்பல்லாம் பதிலுக்குக் கீழ லிங்க்கும் கொடுக்குதே, அது போதாதா?

இணைப்பு இருப்பது நல்ல மாற்றம். ஆனால் அதைத் திறந்து படித்தால்தான் அதற்குப் பயன். ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியமும் பிபிசியும் 2025 அக்டோபரில் வெளியிட்ட ஆய்வில், 18 நாடுகளைச் சேர்ந்த பத்திரிகையாளர்கள் 14 மொழிகளில் செய்தி தொடர்பான கேள்விகளைக் கேட்டுப் பார்த்தார்கள். 45 விழுக்காடு பதில்களில் குறிப்பிடத்தக்க குறை ஒன்றாவது இருந்தது. அக்குறைகளில் முன்னணியில் நின்றது, ஆதாரம் காட்டுவதில் இருந்த தவறுதான்.

எனவே இணைப்பைத் திறந்ததும் மூன்றைப் பாருங்கள்: பதிலில் உள்ள செய்தி உண்மையிலேயே அந்தப் பக்கத்தில் இருக்கிறதா, அந்தப் பக்கம் எந்த ஆண்டினுடையது, அதற்குப் பொறுப்பேற்கிறவர் யார்.

வயலுக்கு மருந்து அடிக்க, இன்சூரன்ஸ் கட்ட, அதுகிட்ட கேக்கலாமா?

கேட்கலாம், ஆனால் அந்தப் பதிலோடு நேரே உரக்கடைக்குப் போகக் கூடாது. இலைச்சுருட்டுப்புழுவுக்கும் குருத்துப்பூச்சிக்கும் அறிகுறியில் என்ன வேறுபாடு என்பது போன்ற பொது விளக்கத்தை அது நன்றாகவே தருகிறது. மருந்தின் பெயரும் அளவும் என்று வரும்போது, ரகம், பயிரின் வயது, வயலில் நிற்கும் தண்ணீர் ஆகிய எதையும் பாராமல் சொல்கிறது. எண்டோசல்பானை உச்ச நீதிமன்றம் 2011இல் தடை செய்தது. அதற்கு முன் எழுதப்பட்டு, அதைப் பரிந்துரைக்கும் பக்கங்கள் இன்னும் இணையத்தில் கிடக்கின்றன என்பதை நினைவில் வையுங்கள். உங்கள் வட்டார வேளாண்மை உதவி அலுவலரிடமோ, 1800-180-1551 என்ற கட்டணமில்லா உழவர் அழைப்பு மையத்திலோ, ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்திலோ கேட்டு உறுதி செய்த பின்பே தெளிப்பானைத் தூக்குங்கள்.

கடைசித் தேதி விஷயத்தில் இன்னும் எச்சரிக்கை வேண்டும். சம்பா பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசி நாள் வழக்கமாக நவம்பர் 15 என்பதால் ஏஐ அதையே சொல்லும். 2024இல் அது நவம்பர் 30 வரை நீட்டிக்கப்பட்டது. நீட்டிப்பு ஒவ்வோர் ஆண்டும் அந்தந்த நேரத்து அறிவிப்பைப் பொறுத்தது. இதற்குப் பொதுச் சேவை மையத்திலோ கூட்டுறவுச் சங்கத்திலோ நேரில் கேட்பதே சரி.

தப்புன்னு சொன்னா உடனே மன்னிப்புக் கேட்டுத் திருத்திக்குதே, அது நல்ல குணம்தானே?

சரியான பதிலைச் சொன்ன பிறகும் “தப்பு” என்று அழுத்திச் சொல்லிப் பாருங்கள். பல சமயம் அதற்கும் மன்னிப்புக் கேட்டுத் தவறான பதிலுக்கு மாறிவிடும். பயனருக்குப் பிடித்த பதிலை நோக்கிப் பயிற்சி சாய்ந்ததால் வந்த பழக்கம் இது. 2025 ஏப்ரலில் ஓபன்ஏஐ வெளியிட்ட ஒரு புதுப்பிப்பு எல்லாவற்றுக்கும் தலையாட்டிப் புகழ ஆரம்பித்ததால், நிறுவனமே சில நாட்களில் அதைத் திரும்பப் பெற்றது. ஆகவே கேள்வியிலேயே உங்கள் கருத்தைத் திணிக்காதீர்கள். “வேப்பெண்ணெய் அடித்தால் போதும்தானே?” என்று கேட்பதைவிட, “இதற்கு என்னென்ன வழிகள், ஒவ்வொன்றிலும் என்ன குறை?” என்று கேட்பது நல்லது.

சிங்கப்பூர்ல இருக்குற பையன் குரல்லயே பேசிப் பணம் கேட்டா எப்படிக் கண்டுபிடிக்கிறது?

காதால் கண்டுபிடிக்க முடியும் என்று நம்ப வேண்டாம். ஒருவர் பேசிய சில நொடிப் பதிவை வைத்தே அவர் குரலைப் போல உருவாக்கிவிட முடியும். கல்யாண வீடியோவும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸும் அதற்குப் போதும். குரலை ஆராய்வதை விட்டுவிட்டு வழியைச் சரிபாருங்கள்: அழைப்பைத் துண்டித்துவிட்டு, உங்களிடம் ஏற்கெனவே உள்ள எண்ணில் நீங்களே பிள்ளையைக் கூப்பிடுங்கள். எவ்வளவு அவசரம் என்றாலும், ‘யாரிடமும் சொல்லாதே’ என்றாலும் இதைச் செய்யுங்கள். அந்த அவசரம்தான் அவர்களுடைய ஆயுதம். வீட்டுக்குள் மட்டும் தெரிந்த ஒரு சொல்லை முன்பே பேசி வைத்துக்கொள்வதும் உதவும். எங்கள் வட்டத்தில் ஓர் அம்மாள், தங்கள் வீட்டில் முன்பு இருந்த பசுமாட்டின் பெயரை அப்படி வைத்திருக்கிறார்.

பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு நாளைக் கடத்தாமல் உடனே 1930 என்ற இணையவழி மோசடிப் புகார் எண்ணுக்கு அழையுங்கள். முதல் சில மணி நேரத்துக்குள் சொன்னால் பணத்தை இடையில் நிறுத்தி வைக்க வாய்ப்பு அதிகம்.

இறந்துபோன தலைவர் பேசுற மாதிரி வீடியோ வந்துச்சே, அதுவும் மோசடியா?

திருக்குவளையில் பிறந்து 2018 ஆகஸ்ட் 7 அன்று மறைந்த மு. கருணாநிதி, 2024 ஜனவரியில் ஒரு நூல் வெளியீட்டு விழாத் திரையில் தோன்றி வாழ்த்திப் பேசினார். அடுத்த மாதம் ஜெயலலிதாவின் குரலில் ஒரு பதிவை அ.தி.மு.க. வெளியிட்டது. இரண்டுமே ஏஐ கொண்டு உருவாக்கப்பட்டவை. ஏஐ என்பதை மறைக்காமல் செய்யப்பட்டவை. ஆகவே இவற்றை மோசடி என்று சொல்ல மாட்டேன்.

ஆயினும் எனக்கு இதில் ஒரு நெருடல் உண்டு. ஒருவர் வாழ்ந்த காலத்தில் சொன்னதற்கு அவர் பொறுப்பாளி; மறைந்த பின் அவர் வாயில் வைக்கப்படும் சொல்லுக்கு யார் பொறுப்பு? அரங்கில் இருந்தவர்களுக்கு அது ஏஐ என்று தெரியும். அதே காட்சி அறிவிப்பு வெட்டப்பட்டு, முப்பது நொடித் துண்டாகக் குடும்பக் குழுவுக்கு வந்து சேரும்போது, பத்து ஆண்டு கழித்து அதைப் பார்க்கும் பள்ளிப் பிள்ளைக்கு, எது அவர் பேசியது, எது பேசவைக்கப்பட்டது என்று தெரிய வழி இராது.

ஏஐ எழுதினதைக் கண்டுபிடிக்கிற சாஃப்ட்வேர் இருக்காமே, பசங்க கட்டுரையை அதுல போட்டுப் பாக்கலாமா?

ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள், அதை வைத்து ஒரு பிள்ளையைக் குற்றவாளி ஆக்காதீர்கள் என்பதே. ஓபன்ஏஐ தானே உருவாக்கிய கண்டறியும் கருவி, ஏஐ எழுதிய ஆங்கிலப் பத்திகளில் 26 விழுக்காட்டைத்தான் சரியாக இனங்கண்டது. மனிதர் எழுதிய சிலவற்றை ஏஐ என்றும் சொன்னது. துல்லியம் போதாது என்று 2023 ஜூலையில் அந்நிறுவனமே அதை விலக்கிக்கொண்டது. தமிழ் எழுத்தில் இத்தகைய கருவிகளை நம்புவதற்கு எனக்கு எந்தக் காரணமும் தென்படவில்லை. கட்டுரையைக் கையில் வைத்துக்கொண்டு பிள்ளையிடம் இரண்டு கேள்வி கேட்டால், எழுதியதா எடுத்ததா என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

அப்ப இனிமே எதையுமே நம்பாம இருக்குறதுதான் பாதுகாப்பு, இல்லையா?

இந்தக் கேள்வியைத்தான் நான் மிகவும் அஞ்சுகிறேன். ஏனென்றால் கேட்கிறவர் ஏமாறாமல் இருக்க விரும்பும் நல்லவர். எதையும் நம்பாதவரும் ஏமாற்றப்படுகிறார், வேறு திசையிலிருந்து. கொள்ளிடத்தில் இரவில் மணல் அள்ளும் லாரியை ஒரு இளைஞர் படம்பிடித்துப் போடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். லாரிக்காரர் “இதெல்லாம் ஏஐ வீடியோ” என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். எதையும் நம்பாத ஊரில் அந்த ஒரு வரி போதும், உயிரைப் பணயம் வைத்து எடுத்த சாட்சியம் செத்துப்போகும். பாபி செஸ்னி, டேனியல் சிட்ரான் என்ற இரு அமெரிக்கச் சட்டப் பேராசிரியர்கள் 2019இலேயே இதற்குப் ‘பொய்யருக்குக் கிடைக்கும் ஈவுத்தொகை’ என்ற பொருளில் ஒரு பெயர் வைத்து எச்சரித்தார்கள்.

இன்னொன்று: பொய்க்கு ஏஐ கட்டாயமில்லை. 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்கள் தாக்கப்படுகிறார்கள் என்று பரவியவை வேறு இடத்து, வேறு சம்பவத்து வீடியோக்கள். அவற்றுக்குத் தலைப்பு மட்டுமே புதிதாக எழுதப்பட்டிருந்தது. நம் வயல்களில் நடவு செய்ய வந்தவர்கள் அதைப் பார்த்து ரயிலேறினால், அவர்களுக்கும் இழப்பு, நமக்கும் இழப்பு. ஆகவே ‘இது ஏஐயா?’ என்பதோடு நிறுத்தாமல், ‘எங்கே, எப்போது, யார் எடுத்தது?’ என்று கேளுங்கள். அந்த மூன்றுக்கும் விடை இருக்கும் செய்தியைத் தயங்காமல் நம்புங்கள். விடை கிடைக்கும்வரை அடுத்தவருக்கு அனுப்பாமல் வையுங்கள். தமிழ்நாடு அரசின் தகவல் சரிபார்ப்பகம் வெளியிடும் மறுப்புகளையும் பார்க்கலாம். அரசைப் பற்றிய செய்தியாக இருந்தால், சுயேச்சையான ஒரு சரிபார்ப்பாளரையும் சேர்த்துப் பாருங்கள்.

நம்ம ஊர் விஷயத்தை எல்லாம் தமிழ்ல நிறைய எழுதிப் போட்டா ஏஐ சரியாயிடும்ல?

ஓரளவுக்கு ஆகும், நிச்சயமாக எழுத வேண்டும். மா, குழி, வேலி பற்றி மேலே சொன்ன தடுமாற்றம், எழுதியவர்கள் குறைவு என்பதால் வந்ததே. ஆனால் அவசரத்தில் ஏஐயைக் கொண்டே ஊர் வரலாறு எழுதி ஏற்றினால் நிலைமை மோசமாகும். ஏஐ எழுதியதையே அடுத்த ஏஐக்குத் திரும்பத் திரும்பப் பாடமாக வைத்தால், அரிதான செய்திகள் முதலில் உதிர்ந்து, கடைசியில் உளறலே மிஞ்சுகிறது என்று 2024 ஜூலையில் நேச்சர் இதழில் வந்த ஆய்வு காட்டியது. தமிழில், அதுவும் கீழத்தஞ்சையின் வட்டாரச் செய்தி முழுவதுமே அரிதான செய்திதான்; முதலில் உதிரப்போவது நாம்.

எழுதும்போது எப்படி எழுதுவது என்பதற்கு ஒரு மாதிரி நம் அருகிலேயே இருக்கிறது. பெரிய கோயில் கல்வெட்டில் ராஜராஜன், “நாங் குடுத்தனவும் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும் மற்றும் குடுத்தார் குடுத்தனவும்” கல்லிலே வெட்டச் சொல்கிறான். கொடுத்த பொன் இவ்வளவு என்று சொல்வதோடு கல்வெட்டு நிற்பதில்லை. கொடுத்தவர் யார், எந்த ஆட்சியாண்டு, ‘ஆடவல்லான்’ என்னும் நிறைகல்லால் நிறுத்தது என்பதுவரை பதிவாகியிருக்கிறது. உங்கள் பாட்டி சொன்ன நெல் ரகத்தைப் பற்றி எழுதினாலும், யார் சொன்னார், எந்த ஊர், எந்த ஆண்டு கேட்டேன் என்று ஒரு வரி சேருங்கள்.

கொள்முதல் நிலையத்துல ஈரப்பதம் ஒண்ணு சொல்றாங்க, ஏஐ வேற சொல்லுது. யாரை நம்புறது டீச்சர்?

இதில் இருவருமே தவறாக இருக்கலாம் என்பதால்தான் கேள்வி கடினமாகிறது. நெல் கொள்முதலுக்கு ஈரப்பத வரம்பு 17 விழுக்காடு; மழை பெய்த பருவங்களில் மத்திய அரசின் அனுமதியோடு அது தளர்த்தப்பட்டதுண்டு. ஏஐ பழைய ஆண்டின் தளர்வைச் சொல்லலாம், அல்லது தளர்வே தெரியாமல் 17 என்று சொல்லலாம். நிலையத்தில் இருப்பவருக்கும் புதிய ஆணை வந்து சேராமல் இருக்கலாம்.

ஆனால் தவறுக்குப் பின் நடப்பதில் இருவரும் ஒன்றல்லர். அலுவலரிடம் “எந்த ஆணை, என்ன தேதி?” என்று எழுதிக் கேட்கலாம், 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அந்த உரிமையை நமக்குத் தருகிறது. ஏஐயிடம் கேட்டால் முன்பு சொன்னபடி மன்னிப்பு மட்டும் கிடைக்கும். கனடாவில் ஏர் கனடா நிறுவனத்தின் சாட்பாட் கட்டணச் சலுகை பற்றித் தவறாகச் சொல்லி ஒரு பயணி நம்பியபோது, சாட்பாட் சொன்னதற்குத் தான் பொறுப்பல்ல என்று நிறுவனம் வாதிட்டது. 2024 பிப்ரவரியில் தீர்ப்பாயம் அதை ஏற்காமல், பயணிக்கு இழப்பீடு கொடுக்கச் சொன்னது. ஒரு நிறுவனமோ துறையோ தன் பெயரில் ஏஐயைப் பேசவைத்தால், அந்தப் பேச்சுக்கும் அதுவே பொறுப்பு என்று நாம் கேட்கலாம், கேட்க வேண்டும்.

போன தை மாதம் இந்தக் கேள்வியைக் கேட்ட விவசாயி, ஆணையின் எண்ணையும் தேதியையும் கேட்டு ஒரு வெள்ளைத்தாளில் நான்கு வரி எழுதிக்கொண்டு போனார். அந்த நான்கு வரியையும் ஏஐதான் வரைந்து கொடுத்தது. அந்த வேலையை அது ஒழுங்காகச் செய்தது. இரண்டு நாள் கழித்து ஆணையின் நகல் நிலையத்தின் பலகையில் ஒட்டப்பட்டது. அதில் இருந்த அளவு ஏஐ சொன்னதும் இல்லை, நிலையத்தில் சொன்னதும் இல்லை. அவர் அதைக் கைப்பேசியில் படம் எடுத்து, எடுத்த தேதியையும் நிலையத்தின் பெயரையும் கீழே எழுதி, ஊர்க் குழுவில் போட்டார்.